அணில் கடித்த ரொட்டி

அணில் பாதி கடித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போன ரொட்டியைக் கதவண்ணன் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்த இடத்தில் இரண்டு ஓரமும் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. நடுவில் மட்டும் விரல் அகலத்துக்கு ரொட்டி கடிபடாமல் துருத்திக்கொண்டு நின்றது.

அணில் என்பது அவருடைய நாலரை வயது மகள். எதைக் கொடுத்தாலும் வாயின் ஓரத்தால் கொறிப்பதால் வந்த பெயர். அந்தக் கொறிப்பின் அழகைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனவர் அவர்தான். நடுப்பல்லால் கடிக்க முடியாததால்தான் குழந்தை ஓரத்துக்குப் போகிறது என்பது இந்த ரொட்டியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“அணிலு, இங்க வா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஈ காட்டு.”

அணில் காட்டினாள். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்கார்ந்தன. முன்னால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து. கதவண்ணன் காதில் செருகியிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தார். எந்தப் பல்லிலும் படாமல் பென்சில் போய்விட்டு வந்தது.

“கீல் பக்கம் நல்லா உட்காருது. தாழ்ப்பாள் பக்கம்தான் மூடல,” என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் கதவு மாட்டுவதுதான் தொழில். மூடாத கதவு, முனகுகிற கதவு, மழைக்கு ஊதிப்போய் முரண்டு பிடிக்கிற கதவு, எதுவானாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வாசல் கதவை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த கதவண்ணன் என்கிற பெயர் கடைசியில் மனைவியின் வாய்க்கும் வந்துவிட்டது, கோபம் வரும்போது மட்டும்.

மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. வாயால் குறை சொல்லிப் பழக்கமில்லை. தப்பு கண்ணில் பட்டால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள், அத்தோடு சரி. போன வாரம் கதவண்ணன் எழுதிய கடைச் சீட்டில் ஆறு வட்டம் விழுந்திருந்தது. தாயைப் போல பிள்ளை. அணிலும் ஒரு குட்டைச் சிவப்புப் பென்சிலோடு வீடு முழுக்கச் சுற்றி, சுவரில் விரிசலுக்கு ஒரு வட்டம், தரையில் கறைக்கு ஒரு வட்டம் என்று போட்டு வைத்திருந்தாள்.

அவள் அம்மா வந்து குழந்தையின் வாயைப் பார்த்தாள். “கட்டைவிரல்தாங்க காரணம். பிறந்ததுலேருந்து வாயிலேயே கிடக்கு. ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டிடலாம்.”

கதவண்ணன் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். எட்டு மாதமாக அவருடைய இடது கீழ்க் கடைவாய்ப் பல் அவரை உயிரோடு வதைத்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, வலது பக்கமாகவே மென்று, குளிர்ந்த தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி, யாரிடமும் மூச்சுவிடாமல் காலத்தை ஓட்டினார். பல் டாக்டர் வீட்டுப் பலகையைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் நடக்கிற ரகம். அதைக்கூட வெளியே சொல்லிவிடலாம். ஆனால் அணில் தெருவில் இருக்கிற அத்தனை பேரிடமும் ஒரு செய்தியைப் பரப்பி வைத்திருந்தாள்: “எங்கப்பாவுக்கு எதுக்குமே பயம் கிடையாது.” அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர் வாசலில் தொடை நடுங்கி நின்றால் அவர் மானம் என்னாவது?

“டாக்டர் எதுக்கு? முதல்ல நான் பார்க்கிறேன். நான் மூடாத கதவா?” என்றார்.



மறுநாளே மருந்துக் கடையில் விரலில் தடவுகிற கசப்பு மருந்து ஒரு குப்பி வாங்கி வந்தார். வார்னிஷ் அடிக்கிற மெல்லிய தூரிகையால், சொட்டுச் சிந்தாமல் இடது கட்டைவிரலில் பூசினார். அணில் விரலை வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது கட்டைவிரலுக்கு மாறினாள். அதிலும் பூசினார்.

“முதல்லதான்பா கசக்குது. அப்புறம் நல்லா இருக்கு,” என்றாள் அணில் மூன்றாம் நாள். இப்போது இரண்டு விரலும் முறை வைத்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.

அன்றைக்கு மருந்து பூசிய கையைக் கழுவாமலே கதவண்ணன் கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். போன வீட்டில் ஓர் அம்மாள் காப்பி கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் அஷ்டகோணலாயிற்று.

“ஐயோ, காப்பி சரியில்லையா?” என்று அந்த அம்மாள் வேறு போட்டுக் கொடுத்தார். அதற்கும் அதே முகம். மூன்றாவது முறை மானப் பிரச்சினையாகி, கொதிக்கக் கொதிக்க வந்தது. அதை மரியாதைக்காக ஒரே மூச்சில் விழுங்கினார். சூடு நேராகப் போய் அந்தப் பல்லில் இறங்கியதில் கதவை மாட்டாமல் கதவைப் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றார்.

அடுத்தது கவசம். மெல்லிய பலகைச் சீவல்களை இழைத்து, ஓரங்களை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, துணியில் வரிசையாக வைத்துத் தைத்து, முழங்கையைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒன்று செய்தார். கட்டினால் கை மடங்காது. மடங்காத கை வாய்க்கு வராது. செய்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோது அவருக்கே பெருமை தாங்கவில்லை.

“எப்படி இருக்கு?”

“போருக்குப் போற மாதிரி இருக்குப்பா!” அணிலுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கழற்றவே மாட்டேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கினார்கள். தூக்கத்தில் அணில் புரண்டாள். மடங்காத கை வட்டமடித்து வந்து, சொல்லி வைத்தாற்போல அவருடைய இடது கன்னத்தில் இறங்கியது. கதவண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சாயங்காலம் கன்னம் பன்னாக வீங்கிவிட்டது.

“என்ன ஆச்சு?” என்றாள் மனைவி.

“கதவு இடிச்சிடுச்சு.”

“ஞாயித்துக்கிழமையா? எந்தக் கதவு?”

“ஒரு... ஸ்பிரிங் கதவு.”

அவள் அவர் முகத்தை அச்சுக்குப் போகிற பக்கத்தைப் பார்ப்பது மாதிரி வரிவரியாகப் பார்த்தாள். கையில் சிவப்புப் பென்சில் இல்லை. ஆனாலும் கன்னத்தைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது அவருக்குத் தெரிந்தது.

வலி போகட்டும். விரல் கிடைக்காத அணில் சும்மா இருப்பாளா? கீழுதட்டை மடித்து மேல் பல்லுக்கு அடியில் வைத்துச் சப்ப ஆரம்பித்திருந்தாள். நாலே நாளில் உதடு சிவந்து புண்ணாயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கதவண்ணன் கவசத்தைக் கழற்றிப் பரண் மேல் வைத்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற கதவையெல்லாம் மூடி என்ன பயன்? பெற்ற பெண்ணால் ஒரு ரொட்டியை ஒழுங்காகக் கடிக்க முடியவில்லையே!

ஆனால் அடுத்த சில வாரங்களில் ஓர் அதிசயம் நடந்தது. விரல் வாய்க்குப் போவது குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. உதடும் தப்பித்தது. விரல் பாதி தூரம் போகும், அணில் அதை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பாள், விரல் இறங்கிவிடும். கதவண்ணன் மறைந்து நின்று பார்த்து மெய்சிலிர்த்துப் போனார். ஒரு கிராம்பை விட முடியாத ஆள் அவர். இந்தப் பொடிசுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு மனவுறுதி?

அந்த வாரம் துணி அலமாரியின் கீலுக்கு எண்ணெய் விடப் போனபோது, கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். கட்டம் கட்டமாக இருந்தது, மேல் மூலையில் சிரிக்கிற பல் படம். பதினேழு கட்டத்தில் பச்சை நட்சத்திரம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதோ கொடுத்திருப்பார்கள் என்று எண்ணெய் விட்டுவிட்டு மூடினார்.

“பார்த்தியா? கவசத்தைக் கழட்டினாலும் கவசத்தோட வேலை நிக்கல,” என்றார் மனைவியிடம். “பென்சில் இப்போ உரசிக்கிட்டுப் போகுது. சந்து சின்னதாயிட்டு வருது. டாக்டரெல்லாம் தேவையே இல்ல.”

“அதை டாக்டர் சொல்லணும். சனிக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போங்க. எனக்கு அச்சகத்துல அவசர வேலை.”

“எல்லாம் பால் பல்லுதானே? எப்படியும் விழப்போகுது. விழப்போற பல்லு கோணலா இருந்தா என்ன, நேரா இருந்தா என்ன?”

மனைவி தோசைக் கரண்டியைத் தூக்குகிற ஆள் இல்லை. நிதானமாகக் கேட்டாள். “பழைய கதவு விழப்போகுதுன்னு நிலைச்சட்டத்தைக் கோணலா விட்டு வைப்பீங்களா?”

“அது எப்படி...”

“பல்லுதான் விழும். தாடை விழாதுல்ல? அது இப்பதான் வளருது. நிலை கோணலா வளர்ந்துட்டா, அப்புறம் வர்ற புதுக் கதவு மட்டும் எப்படி உட்காரும்?”

இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இவ்வளவு சுருக்கமாக அவரிடம் யாரும் நிலையைப் பற்றிப் பேசியதில்லை. அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆனாலும் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. குழந்தையே வர மாட்டேன் என்று அழுதால் யார் என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் அணிலை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “அணிலு, பல் டாக்டர்கிட்ட இவ்ளோ நீளத்துக்கு ஒரு குறடு இருக்கும்.”

“உங்க குறடை விடப் பெருசா?”

“அதை விடப் பெருசு. அப்புறம் ஒரு மிஷின், கொய்ங்னு சத்தம் போடும். ஒரு நாற்காலி, அதுல உட்கார்ந்தா தானா மேல தூக்கிட்டுப் போயிடும்.”

“ஐ!” என்று கைதட்டினாள் அணில். “எவ்ளோ உயரம்பா?”

“பயமா இல்லையா உனக்கு?”

“நீங்கதான் கூட வர்றீங்களே. உங்களுக்குத்தான் எதுக்குமே பயம் கிடையாதே.” சொல்லிவிட்டு மடியிலிருந்து குதித்து ஓடி, ஒரு டார்ச்சும் தேக்கரண்டியுமாகத் திரும்பி வந்தாள். “நான்தான் டாக்டர். நீங்க ஆ காட்டுங்க. இன்னும் பெருசா!”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று. கதவண்ணன் வாயைத் திறந்தார். டார்ச் உள்ளே போனது. ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது.

“அப்பா, இந்தப் பக்கம் கடைசிப் பல்லுல கறுப்பா ஓட்டை இருக்கு.”

“ஷ்ஷ்! அது... சாவித் துவாரம். அம்மாகிட்ட சொல்லக் கூடாது. சரியா?”

“வலிக்குமா?”

அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “கொஞ்சம்.”

அணில் அவருடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “ஒரு வார்த்தைகூட சொல்ல மாட்டேன்,” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவருடைய தலையில்.

சனிக்கிழமை வந்தே விட்டது.

பல் டாக்டரின் முன்னறையில் ஒரு மீன் தொட்டி, எட்டு நாற்காலி, மேஜைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கிற பெண். உள்ளே நுழைந்ததும் அணில் செருப்பைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் மறைவாக இருந்த பலகையில் வைத்துவிட்டு, நேராக மீன் தொட்டிக்கு ஓடினாள்.

“அக்கா, ஆரஞ்சு மீன் இப்போ குண்டாயிடுச்சு!”

டோக்கன் பெண் சிரித்தாள். கதவண்ணன் அசந்துபோனார். புது இடம், புது ஆட்கள். குழந்தைக்கு ஒரு துளி கூச்சம் இல்லை.

“முதல் தடவை வர்றா. பாருங்க, என்ன துணிச்சல்!” என்றார் அவளிடம்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது.

உள்ளே டாக்டர் அறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் தரையில் உரசியது. கதவண்ணனின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த திருப்புளிக்குப் போனது.

“சார், உங்களைக் கூப்பிடுறாங்க,” என்றாள் டோக்கன் பெண்.

“இதோ, இந்தக் கீல் ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்.”

கீழ்க் கீலை இறுக்கினார். அது முடிந்ததும் நடுக் கீல். அது முடிந்ததும் மேல் கீல். பிறகு தாழ்ப்பாளைக் கழற்றித் துடைத்தார். நாலாவது தடவை கூப்பிட்டபோது இறுக்குவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அணில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் கதவு ஓசையே இல்லாமல் வந்து ‘டிக்’ என்று கச்சிதமாக மூடிக்கொண்டது. அவர் வாழ்க்கையில் மாட்டிய கதவுகளிலேயே அதுதான் ரொம்ப நன்றாக மூடியது.

டாக்டரம்மா சின்ன உருவம். குறடு எதுவும் கண்ணில் படவில்லை. அணில் தானாக நாற்காலியில் ஏறி, தானாகச் சாய்ந்து, தானாக வாயைத் திறந்தாள். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை விட்டு அரை நிமிஷம் பார்த்தார்.

“சமர்த்து! விரல் வைக்கிறதே இல்ல போலிருக்கே. சந்து நல்லாவே குறைஞ்சிருக்கு.” கதவண்ணன் பக்கம் திரும்பினார். “இந்த வயசுல விரலை நிறுத்திட்டா போதும் சார். கம்பி, கிம்பி எதுவும் வேண்டாம். பல்லு தானா இறங்கி வந்து மூடிக்கும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தாத்தான் கஷ்டம்.”

கதவண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூடிவிடும். குழந்தை நடுப்பல்லால் ரொட்டி கடிக்கும். கூடவே ஒரு வியப்பு. இப்போது இருக்கிற சந்தைப் பார்த்தே முன்னால் எவ்வளவு இருந்தது என்று சொல்கிறாரே! தொழில்காரி என்றால் இவர்தான். பென்சில்கூட வைத்துப் பார்க்கவில்லை.

“ரொம்ப நன்றிம்மா. நாங்க கிளம்பறோம்.”

அணில் நாற்காலியிலிருந்து இறங்கி, இருக்கையைத் தட்டிக் காட்டினாள். “இப்போ அப்பா.”

“அப்பாவுக்கு என்னடா? ஒண்ணும் இல்லையே.”

அணில் அவரைக் குனியச் சொல்லிக் காதில் மெதுவாகச் சொன்னாள். “பயமா இருந்தா என் கட்டைவிரலைப் பிடிச்சுக்கோங்க. நான் இப்போ அதைச் சும்மாதானே வச்சிருக்கேன்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பார். உட்கார்ந்தார். நாற்காலி மேலே போனது. டாக்டரம்மா மேஜையில் கிடந்த ஒரு தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்கே வலி என்று கேட்காமலே இடது கீழ்க் கடைசிப் பல்லுக்கு நேராகப் போனார். ‘அடேயப்பா!’ என்று அந்த நிலையிலும் கதவண்ணன் மனதுக்குள் வியந்தார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். மிஷின் கொய்ங் என்றது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சின்னக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் முக்காலி மேல் நின்றபடி அணில், மீன்கள் என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. வலியால் இல்லை. வலியே இல்லை. எட்டு மாதம் எதற்குப் பயந்தோம் என்றே அவருக்குப் புரியவில்லை. நாலரை வயதில் ஒருத்தி, தன் பழக்கத்தைத் தானே விட்டு, அந்த விரலையே அப்பனுக்கு ஆதரவாகக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாளே, அதை நினைத்துத்தான்.

“வேர் வரைக்கும் போயிருந்தது சார். சுத்தம் பண்ணி மூடியிருக்கேன். இன்னும் ரெண்டு தடவை வரணும்,” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்தார்கள். பாதி வாய் மரத்துப்போய் உதடு ஒரு பக்கம் தொங்கினாலும் கதவண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டோக்கன் பெண்ணிடம் போனார்.

“வந்தது பொண்ணுக்காகம்மா. குழந்தைக்குத் தைரியம் வரட்டும்னு நானும் ஒரு தடவை உட்கார்ந்து காட்டினேன். போகட்டும், பாப்பாவுக்கு அடுத்து எப்போ வரணும்?”

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். அணிலைப் பார்த்தாள். அணில் அவசரமாக மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாப்பாவை அவங்கம்மா போன மாசமே கூட்டிட்டு வந்து காட்டிட்டாங்களே சார், அவளுக்கு அடுத்தது ஆறு மாசம் கழிச்சுதான், இன்னிக்கு டோக்கன் உங்க பேர்ல போட்டது, எந்தப் பல்லுன்னு பாப்பாவே உங்க வாயைப் படமா வரைஞ்சு சிவப்பு வட்டம் போட்டு அவங்கம்மாகிட்ட கொடுத்தனுப்பியிருந்தாளே!”